முந்நூறு யானைகளைத் தொலைத்தவன்

யானைக் கணக்கெடுப்பு என்றதும், ஆட்கள் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிற யானையையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதாகத்தான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அடர்ந்த காட்டில் யானை கண்ணில் படுவதே அபூர்வம். பட்டாலும், நின்று நிதானமாக எண்ணுகிறவன் வீடு திரும்ப மாட்டான். அதனால் யானையை விட்டுவிட்டு, அது போட்டுவிட்டுப் போன லத்தியை, அதாவது சாணத்தை, எண்ணுகிறார்கள். காட்டுக்குள் நேர்கோடாக நடந்து, இரண்டு பக்கமும் கிடக்கிற லத்திக் குவியல்களைக் குறித்துக்கொண்டு வந்து கொடுத்தால், யானை எத்தனை என்று கண்டுபிடித்துச் சொல்ல வனவிலங்குத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கம்மா என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் சம்பளப் பட்டியலோடு சரி.

கணக்கம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. அதே துறையில், அதே காட்டின் மேற்குப் பகுதிக்கு அவன்தான் மூத்த காவலன். அக்காவுக்கு மேசை, தம்பிக்குக் காடு. இப்போது அந்தத் தம்பியின்மேல் விசாரணை நடக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு யானைகளைக் காணோமாம். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் தந்தக் கும்பல் கொன்று கடத்திவிட்டதாம். குற்றம் நிரூபணமானால் வேலை போகும், குடியிருக்கிற வீடு போகும், ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம். இதில் வயிறு எரிகிற சங்கதி என்னவென்றால், அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு யானைகளும் சாகவில்லை. சாவதற்கு முதலில் பிறக்க வேண்டுமே! அவை பிறந்தது காட்டில் இல்லை, கணக்கம்மாவின் மேசையில்.

அது எப்படி என்று சொல்லியாக வேண்டும். லத்தியை வைத்து யானையைக் கண்டுபிடிக்க இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். ஒரு யானை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடும் என்பது ஒன்று. அதில் பெரிய வில்லங்கம் இல்லை. போட்ட குவியல் வண்டும் கரையானும் மழையும் தின்று, இருந்த இடம் தெரியாமல் போக எத்தனை நாள் ஆகும் என்பது இன்னொன்று. எல்லா வம்பும் இதில்தான். இதைத் தெரிந்துகொள்ள, சூடு ஆறாத புது லத்தியாகப் பார்த்துப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வர வேண்டும். பிறகு அது மறைகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். காட்டின் எல்லா மூலையிலும், புதரிலும் சரிவிலும் ஓடைக்கரையிலும், இப்படிக் குச்சி நட வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல் கணக்கெடுப்பு நடந்தபோது துறை இயக்குநருக்குக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம். ஏதோ ஒரு பெரிய மாநாட்டில் எண்ணிக்கையை அறிவித்தாக வேண்டுமாம். கணக்கம்மா தம்பியைக் கூப்பிட்டு, சீக்கிரமாகப் புது லத்தி பார்த்துக் குச்சி நட்டுக் கொடு என்றாள். அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தம்பி தலையால் நடப்பான். சொன்ன தவணைக்கு முன்பாகவே நட்டு முடித்துவிட்டேன் என்று வந்து நின்றான். என் தம்பியைப் போல உண்டா என்று அவளுக்கு வாயெல்லாம் பல்.

அவன் நட்டது அத்தனையும் யானைப் பாதையில். புதருக்குள் நுழைந்து தேடினால் ஒரு நாள் முழுக்க அலைந்தாலும் ஒன்று கிடைப்பது பெரிய காரியம். யானைகள் தண்ணீருக்குப் போய்வருகிற பாதையில் போனால் புதுசு புதுசாக வரிசையில் கிடக்கும். அக்கா அவசரம் என்றாள், அவன் கிடைத்த இடத்தில் நட்டான். எங்கே நட்டாய் என்று அவள் கேட்கவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம், ஜீப்பில் போய்விட்டுச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடுகிற தூரம்தான். போகவில்லை. தலைக்குமேல் வேலை என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேலையும் இருந்தது, சோம்பலும் இருந்தது.

யானைப் பாதையில் கிடக்கிற லத்தியை அடுத்து வருகிற யானை மிதிக்கும், அதற்கடுத்தது இன்னும் மிதிக்கும். வண்டுக்கும் கரையானுக்கும் வேலையே இல்லாமல் குவியல் மண்ணோடு மண்ணாகிவிடும். கணக்கம்மாவின் மேசைக்கு வந்த சேதி, இந்தக் காட்டில் லத்தி சீக்கிரம் மறைந்துவிடுகிறது என்பது. இவ்வளவு சீக்கிரம் மறைந்தும் காடெல்லாம் இத்தனை குவியல் கிடக்கிறதென்றால், போடுகிற யானை எக்கச்சக்கமாக இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

அடேயப்பா, அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. இயக்குநர் மாநாட்டு மேடையில் அந்த எண்ணைச் சொன்னதும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அவருக்குப் பதக்கம், பிறகு ஒரு பெரிய குழுவில் நாற்காலி. இவ்வளவு யானையைக் காடு தாங்காது என்று யாரோ சொல்லப்போக, உபரி யானை என்று பேர் வைத்து ஒரு கூட்டத்தையே மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விட்டார்கள். யானைதான் ஏராளமாக இருக்கிறதே, கொஞ்சம் காடு போனால் என்ன என்று குறுக்கே ஒரு சாலையும் வந்தது. கணக்கம்மாவுக்குக் கிடைத்தது ஒரு சால்வையும் சான்றிதழும். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும், அவளுக்கும் அது இனித்தது.

எல்லோரையும்விடப் பூரித்துப் போனவன் தம்பி. பேச்சுக்குப் பேச்சு, 'எங்க காட்டுல தொள்ளாயிரத்துச் சொச்சம்' என்பான். டீக்கடையில் புது ஆள் யாராவது வந்து உட்கார்ந்தால் தொலைந்தான். அவ்வளவையும் அவன் கண்ணால் கண்டதில்லை. அதற்காக அக்காவின் கணக்கைச் சந்தேகப்படுகிற ஜாதி இல்லை அவன். நம் கண்ணுக்குத்தான் போதாது என்று எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுடைய வீட்டுப்பாடக் கணக்கையெல்லாம் போட்டுக் கொடுத்தவள் அக்கா. அவன் பாஸானதே அவளால்தான்.

இரண்டாவது கணக்கெடுப்பு இந்த வருஷம் வந்தது. இந்தத் தடவை அவகாசம் இருந்தது, ஆளும் இருந்தார்கள். கணக்கம்மா முறைப்படி செய்தாள். புதருக்குள்ளும் மூங்கில் அடியிலும் மலைச்சரிவிலும் குச்சி நடப்பட்டது. அங்கே கிடந்த குவியல்கள் லேசில் போகவில்லை. முன்பு நினைத்ததற்கு ஒன்றரை மடங்கு நாள் அப்படியே கிடந்தன. கணக்கைப் போட்டால் அறுநூற்று இருபத்தாறு வந்தது.

இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். தம்பியிடம் பேச்சோடு பேச்சாக, போன தடவை எங்கேடா நட்டாய் என்று கேட்டாள். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான். அன்றைக்கே ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஐந்து வருஷத்துக்கு முன்பு போயிருக்க வேண்டிய பாதைக்குப் போனாள். காலையில் போட்ட லத்தியின்மேல் தாம்பாளம் அகலத்துக்குக் கால்தடம் பதிந்து, குவியல் தரையோடு அப்பிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யானை குறையவில்லை, பிடித்துக்கொண்டு போன கூட்டத்தைப் பிறந்த குட்டிகள் ஈடுகட்டியிருக்கும், அன்றைக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருந்திருக்கும். தப்பு தன்னுடையது.

இயக்குநரிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். பழைய எண் தப்பு, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது, இதை அறிக்கையில் முதலிலேயே போட வேண்டும் என்றாள். அவரும் டீயை உறிஞ்சிக்கொண்டே, எழுதிக் கொடுங்கள், போட்டுவிடலாம் என்றார். போட்டார், கடைசிப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில். எழுதியவளுக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிகிற மாதிரி அதைத் திருத்தியிருந்தார்கள். முதல் பக்கத்தில் உயரமாக ஒரு கட்டம், அதன் பக்கத்தில் குட்டையாக ஒரு கட்டம். மேலே தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, அறுநூற்று இருபத்தாறு.

பத்திரிகைக்காரனுக்குக் கழித்தல் தெரியாதா? முந்நூறு யானைகள் எங்கே என்று மறுநாள் கொட்டை எழுத்தில் வந்தது. சபையில் கேள்வி, தெருவில் ஊர்வலம், டி.வி.யில் நாலு பேர் நாலு விதமாகக் கத்தல். யாராவது ஒருத்தன் தலை உருண்டால்தான் அடங்கும் என்கிற நிலைமை. மேற்குப் பகுதியில் போன வருஷம் ஒரு கம்பிக் கண்ணி கிடைத்திருந்தது. பன்றிக்கு வைத்த கண்ணி, பார்த்தாலே தெரியும். அது போதுமானதாக இருந்தது. தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

கணக்கம்மா மறுபடி இயக்குநர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை அவர் உட்காரச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பதக்கம் வாங்குகிற போட்டோ மாட்டியிருந்தது. முதல் எண்ணை வாபஸ் வாங்குங்கள், ஒரு வரி அறிவிப்புப் போதும் என்று கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, பாடம் சொல்கிற மாதிரி பேசினார்.

"அந்த நம்பர் தப்புன்னு நான் சொன்னா, அதை வெச்சுப் புடிச்ச யானையும் தப்பு, அதை வெச்சுப் போட்ட ரோடும் தப்பு. அதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவங்க இன்னைக்கு எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க சார். ஆனா என் தம்பி ஜெயிலுக்குப் போயிருவானே."

"அதெல்லாம் போக மாட்டான். நான் பேசறேன்."

எந்த மாதிரி பேசுவார் என்பது அவளுக்குத் தெரியும். விசாரணையில் தானே போய் உடைத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். வேலை போனால் போகட்டும், தம்பி பிழைத்தால் போதும்.

விசாரணை ஒரு கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை, அதன்மேல் வரிசையாகத் தண்ணீர் பாட்டில், வேலை செய்யாத ஒரு மைக். தலைக்குமேல் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. நடுவில் விசாரணை அதிகாரி, இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். அவளுக்கு முன்பே இயக்குநர் உள்ளே போய்விட்டு வந்திருந்தார். இரண்டு கணக்கெடுப்பும் உலகமே ஏற்றுக்கொண்ட முறைப்படி நடந்தவை என்பதோடு முடித்துக்கொண்டாராம். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அப்படிப் பேச ஒரு தனித் திறமை வேண்டும்.

கணக்கம்மா எளிமையாகச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு, தொட்டியில கெடக்கற எச்சி டம்ளரை எண்ணிக் கண்டுபிடிக்கற மாதிரி சார் இது. தினம் கழுவறாங்கன்னு நெனைச்சுக் கணக்குப் போட்டா நெறையப் பேர்னு வரும். ஆனா நெஜத்துல அவங்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் கழுவறாங்கன்னா, பாதிப் பேர்தான் இருப்பாங்க. டம்ளர் அதேதான். நான் கழுவற நாளைத் தப்பா எடுத்துக்கிட்டேன்."

ஒரு உறுப்பினர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. கெட்டிக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். புரிந்துகொண்டார் என்று நினைத்து அவளுக்கு உயிர் வந்தது.

"அப்ப அந்த முந்நூத்திப் பன்னெண்டு யானையை உயிரோட யாரும் பாக்கல."

"இல்ல சார். இருந்தாத்தானே பாக்க."

"செத்தும் யாரும் பாக்கல."

"ஆமா சார். ஒரு பொணம்கூடக் கெடைக்கலையே. அதுவே சாட்சி இல்லையா?"

பிணம் கிடைக்காததுதான் காவலன்மேல் உள்ள குற்றச்சாட்டே என்று அதிகாரி நினைவுபடுத்தினார். அவ்வளவு பிணத்தையும் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கிறான், அல்லது கண்டும் மறைத்திருக்கிறான். முதல் எண் தப்பு என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அவள் யானைப் பாதையைப் பற்றிச் சொன்னாள். குச்சி நட்ட லத்திகள் இப்போது இருக்கின்றனவா என்றார். ஐந்து வருஷத்துக்கு முன்பு மிதிபட்டு மண்ணாய்ப் போன லத்தியை எவன் தோண்டி எடுத்து மேசைமேல் வைப்பது! குச்சிகளும் எப்போதோ மக்கிப்போயிருந்தன. இரண்டாவது எண்ணும் நீங்கள் போட்டதுதானே, அது மட்டும் எப்படிச் சரி என்றார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லவும் செய்தாள், நீளமாக. கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பாதையில குச்சி நட்டது யாரு?"

"மேற்குப் பகுதிக் காவலர்."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். பொய் சொல்ல வழி இல்லை, சொல்லிப் பழக்கமும் இல்லை.

"கூடப் பொறந்த தம்பி சார்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் எழுந்து வழி அனுப்பினார்கள். தம்பிக்காக அக்கா துடிப்பது இயற்கைதானே என்று ஒரு உறுப்பினர் இரக்கத்தோடு சொன்னது கதவு சாத்துவதற்குள் அவள் காதில் விழுந்தது. அந்த இரக்கத்தை எட்டி உதைக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

இயக்குநர் பேசியிருந்தார். அவர் பேச்சின் பலன் நாலாம் நாள் தம்பியின் கைக்கு வந்தது. தன் அஜாக்கிரதையால்தான் யானைகள் அழிந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை நீக்கத்தோடு முடித்துக்கொள்வார்களாம், போலீஸ் கேஸ் வராதாம். போடாவிட்டால் தந்தக் கும்பலோடு சேர்த்து வழக்கு. கணக்கம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினாள். கையெழுத்துப் போடக் கூடாது, வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

தம்பி முன்னறையில் தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் திருப்பி ஒப்படைக்க வேண்டிய பூட்ஸ். சீருடை துவைத்து மடித்துப் பக்கத்தில் இருந்தது, அதன்மேல் டார்ச்சும் விசிலும். எவனோ பரணில் போடப்போகிற பூட்ஸுக்கு எதற்குப் பாலிஷ் என்று அவள் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவன் மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். குடிக்க ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கணக்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். குச்சி, பாதை, மிதிபட்ட லத்தி, தான் போய்ப் பார்க்காதது எதையும் விடவில்லை. தம்பி பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி கேட்டான்.

"எனக்காக இப்படியெல்லாம் பேசாதக்கா."

"உனக்காக இல்லடா. நடந்தது இதுதான். அந்த யானையெல்லாம் இல்லவே இல்ல."

"சின்ன வயசுலேர்ந்து நீ ஒரு கணக்கு தப்பாப் போட்டு நான் பாத்ததில்ல. எனக்கு ஆபத்துன்னதும் தப்பாப் போட்டேங்கற. என்னைக் காப்பாத்தறதுக்காக உன் பேரைக் கெடுத்துக்கறியே."

"ஐயோ, போட்டேன்டா. தப்பாத்தான் போட்டேன். எப்படிச் சொன்னா நம்புவ?" அவளும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "முந்நூறு யானை செத்தா நாத்தம் வராதா? கழுகு சுத்தாதா? நீ ஒண்ணாவது பாத்தியா?"

"அதான் எனக்கும் புரியல." அவன் குரல் தழைந்துவிட்டது. "மழை நாள்ல ரோந்து போகாம குடிசையிலயே படுத்திருக்கேன்க்கா. பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் வந்து வீட்டுல இருந்தேன். அசதியில எத்தனையோ நாள் தூங்கிப் போயிருக்கேன். அப்பல்லாம்தான் போயிருக்கும். நான் சரியாப் பாக்கல."

உட்கார்ந்து உட்கார்ந்து அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். பிழைப்புக்காகக் காட்டில் காலம் தள்ளுகிற எவனும் தூங்குகிற தூக்கம்தான் அவனும் தூங்கியது. அந்த ஒவ்வொரு தூக்கத்துக்கும் எத்தனை யானை என்று பங்கு பிரித்துத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள், திட்டினாள், கடைசியில் அழுதாள். அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா அழுவதைப் பார்த்ததும் அவன் சந்தேகம் உறுதிப்பட்டுவிட்டது. பாசத்தில்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தம்பி மனைவி பின்னால் வந்தாள்.

"நீங்க சொன்னதை நான் நம்பறேன் அண்ணி," என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு வார்த்தையும் நம்பறேன். அதனாலதான் உங்க முகத்துல முழிக்கப் பிடிக்கல."

தம்பி காலையில் போய்க் கையெழுத்துப் போட்டான். குச்சி நட்ட இடம் தப்பு என்றால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றானாம். அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டைக் காலி செய்யச் சொன்ன தவணைக்குள் அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். யானைக்காரன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையைப் பேசிய பேச்சு அப்படி. தம்பி ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். கணக்கம்மா வேலையை விட்டாளா என்று கேட்காதீர்கள். விடவில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இப்போது அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறாள். சான்றிதழை மட்டும் கழற்றினாள். இயக்குநர் பணி நீட்டிப்புப் பெற்று, காணாமல் போன யானைகளின் இடத்தில் புது யானைகளைப் பெருக்குவதற்கு ஒரு திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார். அதற்குத் தேவையான புள்ளிவிவரத்தை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

தம்பி சும்மா இருக்கவில்லை. விடிந்ததும் ஒரு சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவான். உள்ளே நுழைய அவனுக்கு இப்போது உரிமை இல்லை. கூட வேலை பார்த்த காவலர்கள் கண்டும் காணாததுபோல் விட்டார்கள். பாவம் என்று விட்டவர்கள் உண்டு, திருட்டுப் பயல் எங்கே புதைத்து வைத்திருக்கிறான் பார்க்கலாம் என்று விட்டவர்களும் உண்டு. ஓடை, பள்ளம், குகை என்று துழாவிவிட்டுச் சாயங்காலம் முள் கிழித்த காலோடு திரும்புவான். என்னடா தேடுகிறாய் என்று அவள் முதல் நாளே கேட்டாள். எலும்பு என்றான். எங்கே விழுந்தது என்றாவது தெரிய வேண்டாமா, நாதியில்லாமல் கிடக்குமே என்றான்.

ஆரம்பத்தில் தினமும் சொல்லிப் பார்த்தாள். இல்லாததைத் தேடாதேடா என்று கோபமாகச் சொன்னாள், நயமாகச் சொன்னாள், காகிதத்தில் எழுதிக் காட்டினாள். சரிக்கா, சரிக்கா என்பான். மறுநாள் சாக்கு இருக்காது. மழைக்காலம் வந்தும் போனான். அவன் இளைத்துக்கொண்டே வந்தான், கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தூங்க மாத்திரை கொடுத்தார். தூங்கினதால்தானே இத்தனையும் என்று அதை அவன் தொடவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். பின்கட்டுக் குழாயடியில் வெகுநேரம் எதையோ தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்துவது போல ஒரு எலும்பைக் கிடத்தினான்.

"கெடைச்சிருச்சுக்கா. சின்னதா இருக்கு. குட்டியா இருக்கும்."

கணக்கம்மா குனிந்து பார்த்தாள். அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் எல்லா விலங்கின் எலும்பும் உண்டு, இருபது வருஷமாகப் பார்க்கிறாள். அடிப்பக்க மூட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. பிளந்த குளம்பு உள்ள விலங்குக்குத்தான் அப்படி இருக்கும். மேயப்போன எருமையின் கால் எலும்பு. காட்டிலேயே கிடந்தவனுக்கு இது தெரியாதா? ஒரு காலத்தில் தூரத்தில் வரும்போதே சொல்லியிருப்பான். இப்போது அவன் எலும்பைப் பார்க்கவே இல்லை, அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

இல்லையடா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். எத்தனை நாள், எத்தனை விதமாகச் சொன்னாள், எந்த உண்மை அவன் காதில் ஏறியது?

"ஆமாடா," என்றாள். "யானைதான். குட்டிதான்."

அதை அவன் அந்தக் கணமே நம்பினான். முகம் கோணி, நாற்காலியில் சரிந்து, கையெழுத்துப் போட்ட அன்றுகூட அழாதவன் தேம்பித் தேம்பி அழுதான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இன்னும் எத்தனைக்கா?"

கணக்கம்மா ஒன்றைக் கழித்துச் சொன்னாள்.

"முந்நூத்திப் பதினொண்ணு."